தேங்காய்ப்பால் சமையல்: பிழிவதிலிருந்து சக்கை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஆலைகளில் அதிகம் பதப்படுத்தப்படாத உணவையே உண்பது என்று ஒரு குடும்பம் முடிவெடுத்து, மைதாவையும் வெள்ளைச் சர்க்கரையையும் ரீஃபைண்ட் எண்ணெயையும் அடுக்களையிலிருந்து வெளியேற்றியதும், குழம்புக்கும் பாயசத்துக்கும் வேண்டிய கொழுமையை இனி எதிலிருந்து பெறுவது என்ற கேள்வி எழுகிறது. தேங்காய்ப்பால் அதற்கு இயல்பான விடை. எனினும் அட்டைப் பெட்டியில் வாங்கும் தேங்காய்ப்பாலும் வீட்டில் பிழியும் பாலும் ஒன்றல்ல. வீட்டிலேயே பிழிந்தாலும், சக்கையைக் குப்பையில் கொட்டிவிட்டால், தேங்காயின் கொழுப்பை எடுத்துக்கொண்டு நார்ச்சத்தை எறிந்ததாகவே முடியும். பாலைச் சமைத்த அன்றோ மறுநாளோ சக்கையும் அதே குடும்பத்தின் தட்டுக்குத் திரும்பினால்தான் தேங்காய்ப்பாலை முழு உணவு என்று சொல்ல முடியும் என்பது என் உறுதியான கருத்து. இந்த வழிகாட்டியில் பாலுக்குத் தரும் இடத்தில் ஒரு பங்கைச் சக்கைக்கும் தந்திருப்பது அதனால்தான்.

தேங்காயைத் தேர்ந்தெடுத்தல்

பால் பிழிவதற்கு நன்கு முற்றிய தேங்காய் வேண்டும். பாளை வெடித்து ஏறத்தாழ 12 மாதம் ஆன காயில்தான் பருப்பு தடித்து, கொழுப்பு நிறைந்திருக்கும். இளங்காயில் நீரும் இனிப்பும் இருக்குமே தவிரப் பிழிந்தால் பால் நீர்த்துப் போகும். கையில் எடுக்கும்போது அளவுக்கு ஏற்ற கனமும், காதருகே ஆட்டும்போது நீர் அசையும் தெளிவான ஒலியும் இருக்க வேண்டும். ஒலியே எழாமல் காய் லேசாக இருந்தால் உள்ளே வற்றத் தொடங்கிவிட்டது என்று பொருள். அது எண்ணெய்க்கு உதவுமே தவிரப் பாலுக்கு உதவாது. மூன்று கண்களும் ஈரமின்றி, பூஞ்சை படியாமல் இருக்கின்றனவா என்பதையும் குடுமியை விலக்கிப் பார்த்துவிட வேண்டும்.

உடைத்ததும் நீரை ஒரு கிண்ணத்தில் பிடித்து முகர்ந்து பார்ப்பது அவசியம். புளித்த வாடை வந்தாலோ, பருப்பின் மேற்பரப்பு வழவழப்பாக மஞ்சளித்திருந்தாலோ, கொப்பரையின் சிக்கு வாடை அடித்தாலோ அந்தக் காயை ஒதுக்கிவிட வேண்டும். எத்தனை இஞ்சியும் ஏலக்காயும் சேர்த்தாலும் அந்த வாடை பாலிலிருந்து நீங்காது. நல்ல காயின் நீரைக் குடித்துவிடலாம். பால் பிழிய அதைப் பயன்படுத்தினால் அதிலுள்ள சர்க்கரையால் பால் இன்னும் விரைவாகப் புளிக்கும்.

துருவுதல்

நடுத்தரமான ஒரு தேங்காயில் சுமார் 250 கிராம் பருப்பு கிடைக்கும். துருவமனையில் துருவும்போது, வெண்மையாக விழுந்துகொண்டிருந்த துருவலில் பழுப்பு நிறம் கலக்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்திக்கொள்வது நல்லது. ஓட்டை ஒட்டிய அந்தப் பழுப்புப் பகுதியில் சற்றுத் துவர்ப்பு உண்டு. வெண்மையாக இருக்க வேண்டிய சொதியிலும் (தேங்காய்ப்பால் குழம்பு) பாயசத்திலும் அது நிறத்தை மங்கச் செய்யும். அதைத் தனியே சுரண்டித் துவையலுக்கு வைத்துக்கொள்ளலாம். மசாலா சேர்ந்த குழம்புக்குப் பிழிவதானால் பழுப்புத் தோலோடு சேர்த்தே துருவிவிடலாம். நார்ச்சத்து வீணாகாது, நிறமும் தெரியாது. துருவமனை இல்லாதவர்கள் பருப்பைச் சிறு துண்டுகளாக நறுக்கி மிக்ஸியில் போடலாம் என்றாலும், துருவலில் கிடைக்கும் அளவுக்குப் பால் அதில் கிடைப்பதில்லை.

முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால்

பிழிவதில் பெரும்பாலோர் கவனிக்கத் தவறுவது வெப்பத்தைத்தான். தேங்காயின் கொழுப்பு ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த துருவலைக் குளிர்ந்த நீர் விட்டு அரைத்தால், உறைந்த கொழுப்பு சக்கையோடு தங்கிவிட, துணியின் வழியே வெண்மையான நீர் மட்டுமே வரும். ஆகவே துருவலை முதலில் அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து, கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்றே கூடுதலான, அதாவது 50 முதல் 60 டிகிரி வரை சூடான நீரை ஊற்ற வேண்டும். கொதிநீரை ஊற்றினால் இன்னும் அதிகப் பால் வரும் என்று எண்ணக் கூடாது. கொழுப்புத் துளிகளை நீரோடு இணைத்து வைத்திருப்பவை தேங்காயின் புரதங்கள். கொதிநீர் பட்டால் அவை பிழியும் முன்பே வெந்துபோய், பால் நீரும் எண்ணெயுமாகப் பிரிய அப்போதே அடிகோலப்படும்.

முதல் பாலுக்கு, ஒரு தேங்காயின் துருவலோடு 150 மில்லி வெந்நீர் சேர்த்து, பத்து நிமிடம் ஊற விட்டு, மிக்ஸியில் விட்டு விட்டு மூன்று நான்கு முறை ஓட்டினால் போதும். விழுதாகும் வரை அரைத்தால் நுண்ணிய சக்கை துணியையும் தாண்டி வந்து பாலை நறநறப்பாக்கும். அரைத்ததை மெல்லிய வேட்டித் துணியில் கொட்டி, நான்கு முனைகளையும் சேர்த்துப் பிடித்து, முதலில் உள்ளங்கையால் அழுத்தியும் பிறகு துணியை முறுக்கியும் பிழிய வேண்டும். தொடக்கத்தில் பால் தடித்த தாரையாக இறங்கும்; பிறகு தாரை அறுந்து சொட்டாகும்; சொட்டின் நிறம் வெளிறத் தொடங்கும்போது நிறுத்திவிடலாம். சுமார் ஒரு தம்ளர் அளவுக்குக் கிடைக்கும் இந்தக் கெட்டியான பாலைத் தனிக் கிண்ணத்தில் மூடி வைக்க வேண்டும். எந்தச் சமையலிலும் இறுதியில் சேர வேண்டியது இதுவே.

அதே சக்கையில் 300 மில்லி வெந்நீர் விட்டு மறுபடி ஓட்டிப் பிழிந்தால் இரண்டாம் பாலும், இன்னும் 400 மில்லி விட்டுப் பிழிந்தால் மூன்றாம் பாலும் கிடைக்கும். மூன்றாம் பால் ஏறக்குறைய வெண்ணிறச் சாறுதான். அதைப் பச்சைத் தண்ணீருக்குப் பதிலாகக் காய்கறி வேக வைப்பதற்குப் பயன்படுத்த வேண்டும். மூன்றையும் ஒன்றாகக் கலந்துவிட்டால் பிழிந்த உழைப்பின் பயன் பாதி போய்விடும்.

கெட்டிப்பாலிலிருந்து கிரீம் எடுத்தல்

பழக்கலவை, கஞ்சி, கேழ்வரகுக் கூழ் ஆகியவற்றின் மேலே ஒரு கரண்டி கிரீம் விட விரும்புவோர் அதற்கென எதையும் வாங்க வேண்டியதில்லை. முதல் பாலை அகலமான கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, மூடி, குளிர்சாதனப் பெட்டியில் இரவு முழுதும் அசையாமல் வைத்தால், கொழுப்பு மேலே எழுந்து தடித்த ஏடாக உறைந்திருக்கும். அதைக் கரண்டியால் வழித்துக் குளிர்ந்த பாத்திரத்தில் போட்டு மத்தாலோ முட்கரண்டியாலோ அடித்தால் மென்மையான கிரீம் கிடைக்கும். அடியில் தங்கும் நீரைக் கொட்டிவிடாமல் ரசத்திலோ சாதம் வடிப்பதிலோ சேர்த்துவிடலாம். நம் ஊர் வெயிலில் இந்தக் கிரீம் சில நிமிடங்களிலேயே இளகிவிடும் என்பதால், பரிமாறும் நேரத்தில்தான் வெளியே எடுக்க வேண்டும். இனிப்பு வேண்டுமானால் விதை நீக்கிய பேரீச்சம்பழத்தையோ நன்கு பழுத்த நேந்திரம்பழத்தையோ மசித்துச் சேர்க்கலாம்.

பால் ஏன் திரிகிறது, எப்படித் தடுப்பது

தேங்காய்ப்பால், நீரில் மிதக்கும் நுண்ணிய கொழுப்புத் துளிகளின் கலவை. அத்துளிகளைச் சூழ்ந்திருக்கும் புரதங்கள் ஏறத்தாழ 80 டிகிரிக்கு மேல் உருக்குலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்போது, கொழுப்பு தனியாகவும் நீர் தனியாகவும் பிரிகின்றன. புளிப்பும் இதையே செய்யும். புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) புதிதாகப் பிழிந்த பாலில் 6-ஐ ஒட்டியிருக்கும். புளி, தக்காளி, எலுமிச்சை ஆகியவை அதை 4-ஐ நோக்கி இறக்கும்போது புரதங்கள் கரைந்திருக்க இயலாமல் திரளும். கொதியும் புளிப்பும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் திரிவது ஏறக்குறைய உறுதி.

நம் பாட்டிமார் கடைப்பிடித்த முறைகள் யாவும் இந்த இரண்டையும் தவிர்ப்பதற்கே அமைந்தவை. புளிக்குழம்பில் புளியின் பச்சை வாடை முற்றிலும் போகும்வரை கொதிக்க வைத்து, தீயைத் தணித்து, கொதி அடங்கிய பின்னரே முதல் பால் சேர வேண்டும். அதற்கு முன் ஒரு கரண்டி சூடான குழம்பை முதல் பாலில் கலந்து அதன் சூட்டைச் சற்று உயர்த்திக்கொண்டால் குளிர்ந்த பால் திடீரெனச் சூட்டைச் சந்திக்காது. ஒரே திசையில் மெல்லக் கிளறிக்கொண்டிருக்க, ஓரங்களில் நுரை கட்டியதும் பாத்திரத்தை இறக்கிவிட வேண்டும். தளதளவென்று கொதிக்கும்வரை காத்திருக்கக் கூடாது. மண்சட்டியில் சமைப்பவர்கள் அதற்கும் சற்று முன்பே இறக்க வேண்டும், ஏனெனில் அடுப்பை அணைத்த பிறகும் சட்டியின் சூட்டில் குழம்பு சில நிமிடங்கள் கொதித்துக்கொண்டே இருக்கும்.

மாவுச்சத்து பாலைத் தாங்கிப் பிடிக்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். குழைய வெந்த பாசிப்பருப்போ மசித்த உருளைக்கிழங்கோ ஒரு தேக்கரண்டி அரிசி மாவோ குழம்பில் இருந்தால் கொழுப்புத் துளிகள் எளிதில் ஒன்று சேர்வதில்லை. திரிந்துபோன குழம்பையும் இவ்வாறே ஓரளவு மீட்கலாம்: அதிலிருந்து ஒரு கரண்டி சாற்றையும் வெந்த கிழங்கு ஒரு துண்டையும் சேர்த்து மிக்ஸியில் அடித்து மறுபடி கலந்தால் கண்ணுக்குத் தெரியும் பிரிவு மறையும். கடையில் விற்கும் பாலில் பசைப் பொருள்கள் செய்யும் வேலையை வீட்டில் பருப்பும் கிழங்கும் செய்கின்றன.

பால் பிரிவதே இலக்காக இருக்கும் சமையல்களும் உண்டு. தாய்லாந்தில் கெட்டிப்பாலை வேண்டுமென்றே காய்ச்சி எண்ணெய் பிரியச் செய்து, அந்த எண்ணெயிலேயே மசாலா விழுதை வதக்குகிறார்கள். இந்தோனேசியாவின் மேற்குச் சுமாத்ராவில் மினாங்கபாவ் மக்கள் செய்யும் ரெண்டாங் என்ற இறைச்சி உணவு, பால் முழுவதும் வற்றி எண்ணெய் கக்கும்வரை மணிக்கணக்கில் வேக வைக்கப்படுவது. தனி எண்ணெய் சேர்க்காமல் சமைக்க விரும்புவோருக்கு அந்த முறை மிகவும் ஏற்றது.

ஒரு முழுச் சமையல்: திருநெல்வேலிச் சொதி

மூன்று பால்களையும் அவற்றுக்குரிய வரிசையில் பயன்படுத்தக் கற்றுக்கொள்ள, திருநெல்வேலிப் பகுதியில் திருமணத்தை அடுத்து வரும் மறுவீட்டு விருந்தில் பரிமாறப்படும் சொதியைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை. பதப்படுத்திய பொருள் எதுவும் இதில் இல்லை. மிளகாய்த் தூள்கூட வேண்டாம்.

நான்கு பேருக்கு ஒரு தேங்காயின் மூன்று பால்கள், 50 கிராம் பாசிப்பருப்பு, ஒரு கேரட், ஒரு உருளைக்கிழங்கு, ஒரு முருங்கைக்காய், பத்து பீன்ஸ், ஒரு கைப்பிடி பச்சைப் பட்டாணி, பன்னிரண்டு சின்ன வெங்காயம், எட்டுப் பல் பூண்டு, ஐந்தாறு பச்சை மிளகாய், பெருவிரல் அளவு இஞ்சி, ஒரு கொத்துக் கறிவேப்பிலை, அரை எலுமிச்சம்பழம் ஆகியவை போதுமானவை. பாசிப்பருப்பை வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து, குழைய வேக வைத்து மசித்துக்கொள்ள வேண்டும். நிறம் சிவக்கும்வரை வறுத்தால் சொதி தன் வெண்மையை இழந்துவிடும். இஞ்சியையும் பச்சை மிளகாயையும் சேர்த்து நைய அரைத்து, கொஞ்சம் மூன்றாம் பால் விட்டு வடிகட்டிச் சாறு எடுத்துக்கொண்டால், காரம் முழுவதும் இறங்கும், சாப்பிடும்போது நார் தட்டுப்படாது.

அடி கனமான பாத்திரத்தில் இரண்டு தேக்கரண்டி செக்கு எண்ணெய் விட்டு வெங்காயத்தையும் பூண்டையும் நிறம் மாறாமல் வதக்கி, முருங்கைக்காய் நீங்கலான காய்களைச் சேர்த்து மூன்றாம் பாலையும் உப்பையும் விட்டு மூடி வேக வைக்க வேண்டும். காய்கள் பாதி வெந்ததும் முருங்கைக்காயைப் போடலாம். முன்பே போட்டால் அது உடைந்து நார் நாராகிவிடும். காய்கள் வெந்தபின் இஞ்சிச் சாறும் இரண்டாம் பாலும் மசித்த பருப்பும் சேர்ந்து மிதமான தீயில் ஐந்தாறு நிமிடம் கொதிக்க வேண்டும். இஞ்சியின் பச்சை வாடை இந்தக் கட்டத்திலேயே போய்விட வேண்டும், ஏனெனில் இதற்குப் பிறகு கொதிக்க விடுவதற்கு வாய்ப்பில்லை. அடுத்து இளந்தீயில் முதல் பாலையும் கறிவேப்பிலையையும் சேர்த்து, ஓரத்தில் நுரை எழுந்ததும் இறக்கி, ஐந்து நிமிடம் ஆறவிட்டு, எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து கலக்க வேண்டும். அடுப்பில் இருக்கும்போதே எலுமிச்சையைப் பிழிந்தால் இவ்வளவு நேரக் கவனமும் வீணாகும்.

மாப்பிள்ளைச் சம்பா அல்லது கைக்குத்தல் அரிசிச் சாதத்தோடும் இஞ்சித் துவையலோடும் இதை உண்பது மிகப் பொருத்தம். சொதிக்குத் துணையாக வழக்கமாக வைக்கப்படும் உருளைக்கிழங்கு வறுவலை விட்டுவிட்டு, ஒரு பொரியலை வைக்கும்படி பரிந்துரைக்கிறேன். காரணம் கொழுப்பின் கணக்கில் இருக்கிறது.

அளவு

100 கிராம் தேங்காய்ப் பருப்பில் ஏறத்தாழ 33 கிராம் கொழுப்பும் 9 கிராம் நார்ச்சத்தும் 3 கிராம் புரதமும் உள்ளன. 250 கிராம் பருப்பில் 80 கிராமுக்கும் சற்றுக் கூடுதலான கொழுப்பு இருக்க, அதில் மூன்றில் இரண்டு பங்கு பாலில் இறங்கியதாகக் கொண்டால், சொதியை உண்ணும் நால்வரில் ஒவ்வொருவருக்கும் 13 கிராமுக்கு மேல் வந்துவிடுகிறது. தேங்காய்க் கொழுப்பில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பின்படி நிறைவுற்ற கொழுப்பு 22 கிராமைத் தாண்டக் கூடாது. ஆக, ஒரு வேளைச் சொதியிலேயே அன்றைய அளவில் பாதி போய்விடுகிறது. இயற்கையான உணவு என்பதால் எவ்வளவு வேண்டுமானாலும் உண்ணலாம் என்று சொல்பவர்களின் பேச்சை நான் ஏற்பதில்லை. தேங்காய்க் கொழுப்பு ‘கெட்ட கொலஸ்ட்ரால்’ எனப்படும் எல்.டி.எல். கொலஸ்ட்ராலை உயர்த்துகிறது என்பது நிறுவப்பட்டுள்ளது. தேங்காய்ப்பால் சமைக்கும் நாளில் நெய்யையும் பொரித்தவற்றையும் விலக்கிவிட்டால் கணக்கு நேராகிவிடும். இதய நோயோ, பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்த வேண்டிய சிறுநீரக நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே அளவை முடிவு செய்ய வேண்டும்.

பசும்பாலுக்கு மாற்றாகக் குழந்தைகளுக்குத் தேங்காய்ப்பாலைக் கொடுப்பதும் தவறு. 100 கிராம் பசும்பாலில் சுமார் 120 மில்லிகிராம் கால்சியம் இருக்க, தேங்காய்ப்பாலில் அது 20 மில்லிகிராமைக்கூட எட்டுவதில்லை; புரதமும் குறைவு.

பாயசம்

பாசிப்பருப்புப் பாயசத்திலும் வரிசை அதுவே: பருப்பு மூன்றாம் பாலில் வெந்து, இரண்டாம் பாலில் கொதித்து, அடுப்பை அணைத்த பின் முதல் பாலைப் பெற வேண்டும். வெல்லத்தில் இலேசான புளிப்புத் தன்மை இருப்பதால், அதைத் தனியே கரைத்து, வடிகட்டி, இரண்டாம் பால் கொதித்த பிறகு சேர்த்து, சூடு சற்றுத் தணிந்ததும் முதல் பாலை விடுவது பாதுகாப்பானது. வெல்லமும் சர்க்கரைதான் என்று கருதும் குடும்பங்கள் பேரீச்சம்பழ விழுதைச் சேர்க்கலாம். நிறம் கருத்தாலும் சுவையில் குறை இராது. சுக்கும் ஏலக்காயும் இறுதியில்.

சக்கை

மூன்று முறை பிழிந்த பிறகும் துணியில் ஒன்றரைக் கப் அளவுக்குச் சக்கை தங்கும். தேங்காயின் நார்ச்சத்தில் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது; கொஞ்சம் கொழுப்பும் மணமும் இன்னும் எஞ்சியிருக்கும். துருவலைப் போலவே இதைப் பொரியலில் தூவலாம். ஆனால் இது ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது என்பதால், இறக்கும்போது தூவாமல், காய் வேகும்போதே ஒரு கை நீர் தெளித்துச் சேர்த்தால்தான் தொண்டையில் அடைக்காது. அடை மாவு இரண்டு கப்புக்கு அரை கப் சக்கை என்ற அளவில் கலந்தால் அடை மொறுமொறுப்பாக வரும். நாள்கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டுமானால், வாணலியில் இளந்தீயில் ஈரம் முற்றிலும் போய்ப் பொன்னிறமாகும்வரை பொறுமையாக வறுத்து, தனியே வறுத்த உளுந்து, காய்ந்த மிளகாய், உப்பு, சிறு துண்டுப் புளியோடு பொடித்துக்கொள்ளலாம். இட்லிக்கும் சூடான சாதத்துக்கும் அது நல்ல துணை. ஈரச் சக்கையை அறை வெப்பத்தில் விட்டுவைத்தால் சில மணி நேரத்திலேயே புளித்துவிடும் என்பதால், பிழிந்த உடனேயே சமைக்கவோ உறைய வைக்கவோ வேண்டும்.

கடையில் வாங்க நேர்ந்தால்

வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கும் பணிக்குச் செல்பவர்களுக்கும் எல்லா நாளும் பிழிவது இயலாது. அப்போது லேபிளில் தேங்காய்ச் சாறும் நீரும் மட்டும் எழுதியிருக்கும் பொருளைத் தேட வேண்டும். குவார் கம், பாலிசார்பேட் 60, கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் போன்றவை பால் பிரியாமல் இருக்கவும், சோடியம் மெட்டாபைசல்ஃபைட் நிறம் மாறாமல் இருக்கவும் சேர்க்கப்படுபவை. பசைப் பொருள் சேராத பால் டின்னுக்குள்ளே ஏடாகவும் நீராகவும் பிரிந்தே இருக்கும். அது கெட்டுப்போனதற்கு அடையாளமல்ல, நன்றாகக் கலக்கிவிட்டால் போதும். உலக உணவுத் தர விதிகளான கோடெக்ஸ் தரத்தின்படி தேங்காய்ப்பாலில் குறைந்தது 10 விழுக்காடும், தேங்காய்க் கிரீமில் குறைந்தது 20 விழுக்காடும் கொழுப்பு இருக்க வேண்டும். ‘லைட்’ என்று விற்பதற்கு 5 விழுக்காடு போதும். ஆகவே அதற்குக் கூடுதல் விலை கொடுப்பதைவிட, சாதாரணப் பாலில் வீட்டிலேயே நீர் சேர்த்துக்கொள்வது சிக்கனம். தேங்காய்ப்பால் பொடியில் மாவுச்சத்திலிருந்து செய்யப்படும் மால்டோடெக்ஸ்ட்ரினும், மாட்டுப் பாலிலிருந்து எடுக்கப்படும் சோடியம் கேசினேட்டும் பெரும்பாலும் கலந்திருக்கும். முழு உணவு உண்பவர்களும் பால் ஒவ்வாமை உள்ளவர்களும் அதை வாங்குமுன் லேபிளை முழுதாகப் படிக்க வேண்டும்.

சேமித்தல்

பிழிந்த பாலை நம் வெப்பநிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. குளிர்சாதனப் பெட்டியிலும் மறுநாளுக்குள் பயன்படுத்திவிட வேண்டும். இலேசாகப் புளித்த வாடையோ இழுத்தால் நூல் போல நீளும் தன்மையோ தெரிந்தால் கொட்டிவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. விடுமுறை நாளில் மூன்று நான்கு தேங்காய்களை ஒன்றாகப் பிழிபவர்கள், முதல் பாலை ஐஸ் கட்டித் தட்டில் ஊற்றி உறைய வைத்து, உறைந்த கட்டிகளை மூடிய டப்பாவுக்கு மாற்றிக்கொண்டால், ஒரு மாதம் வரை கவலையில்லை. உருகும்போது பால் பிரிந்து திப்பி திப்பியாகத் தெரியும். வெதுவெதுப்பான குழம்புச் சாறு ஒரு கரண்டி விட்டு மிக்ஸியில் ஒரு சுற்று ஓட்டினால் அது மறுபடி ஒன்று சேரும். ஆப்பத்துக்கும் இடியாப்பத்துக்கும் பச்சையாக ஊற்றிக்கொள்ள மட்டும் உறைய வைத்த பால் பொருந்தாது. அதற்கு அன்றன்று பிழிந்துகொள்ள வேண்டும்.